மஞ்சள் பெட்டி மீன் வந்த பதினோராம் நாள் தொட்டியே காலியாகிவிட்டது. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நாச்சியார்கோவில் பட்டறை:

எங்கள் வீட்டில் குத்துவிளக்குப் பட்டறை. கணவர் வார்ப்பு, மைத்துனர் கடைசல், நான் கணக்கு. நாள் முழுவதும் பித்தளைத் தூளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு ஏதாவது ஈரமாகப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. எட்டு மாதங்களுக்கு முன் முன்னறையில் மூன்றடித் தொட்டி வைத்து, தரங்கம்பாடியில் இருந்து இருபது லிட்டர் கேன்களில் கடல் நீர் கொண்டுவந்து நிரப்பினேன். கிட்டத்தட்ட 150 லிட்டர் பிடிக்கும். "கிணறு இருக்கிற வீட்டுக்கு உப்புத்தண்ணீர் எதற்கு" என்று மாமியார் கேட்டது இன்றுவரை ஓயவில்லை.

இருந்தவை: கோமாளி மீன் இரண்டு, நீல டாம்செல் மூன்று, மற்ற மீன்களின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்யும் கோடு போட்ட துப்புரவு மீன் ஒன்று, ஒரு கோபி மீனும் அதனுடன் ஒரே குழியில் குடியிருக்கும் இறாலும். இந்த ஜோடிக்காகத்தான் தொட்டியே வைத்தேன் என்று சொல்லலாம். இறால் நாளெல்லாம் மண் அள்ளிக் குழியைச் சீர்செய்யும். அதற்குப் பார்வை சரியில்லை. ஒரு மீசையை எப்போதும் கோபியின் மேல் வைத்திருக்கும். கோபி வாலை ஓர் உதறு உதறினால் போதும், இரண்டும் குழிக்குள்.

பதினோரு நாட்களுக்கு முன் ஒரு கடையில் (எந்தக் கடை என்று கேட்காதீர்கள்) பகடைக்காய் அளவில் ஒரு மஞ்சள் மீன் பார்த்தேன். நான்கு பக்கமும் சதுரம், மேலெல்லாம் கறுப்புப் புள்ளி, முத்தம் கொடுக்க வருவது போன்ற வாய். "சாது அம்மா, யாரையும் கடிக்காது" என்றான் கடைப்பையன். அவன் சொன்னது பொய்யில்லை. யாரையும் கடிக்கவில்லை.

வியாழன் இரவு எட்டு மணிக்கு மழையில் மின்சாரம் போனது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பைப் போட்டுவிட்டேன், அது விடிய விடிய ஓடியது. நாத்தனார் மகன் டார்ச் அடித்து அடித்துக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான், இரண்டு முறை விரட்டினேன். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வந்து தண்ணீரைச் சுழற்றும் பம்பு தானாக ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. தூக்கக் கலக்கம், எழுந்திருக்கவில்லை.

காலை ஐந்தரைக்குக் கோலம் போடப் போகும்போது பார்த்தால், அத்தனை மீனும் மல்லாந்து கிடக்கின்றன. செவுள் விரிந்து, வாய் திறந்து, உடம்பெல்லாம் சளி. பெட்டி மீன் பம்பின் வாயில் வைத்த பஞ்சில் ஒட்டிக்கொண்டு செத்திருந்தது. தொட்டியின் ஒரு மூலையில், பூந்திக்கொட்டையைக் கசக்கியது போல வெள்ளை நுரை. இறால் குழிக்குள் என்ன ஆனது என்று கல்லை நகர்த்திப் பார்க்க மனம் வரவில்லை.

ஹைட்ரோமீட்டரில் 1.024 காட்டுகிறது, உப்பு சரிதான். பட்டறையின் பித்தளைத் தூள்தான் விழுந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். கணவரிடம் நேற்றிலிருந்து பேசவில்லை. அதற்கு நியாயம் உண்டா என்றாவது சொல்லுங்கள்.

ஆரூர் தேர்நிழல்:

யோசிக்க என்ன இருக்கிறது? மின்சாரம் ஆறு மணி நேரம் இல்லை. மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. பேட்டரிப் பம்பு 150 லிட்டருக்குப் போதாது. பித்தளையும் சேர்ந்திருக்கலாம், செம்பு கடல் உயிர்களுக்கு நஞ்சு. இன்வெர்ட்டர் வாங்குங்கள்.

நாச்சியார்கோவில் பட்டறை:

ஐப்பசியில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் போவது புதிதல்ல. போன மாதம் ஒன்பது மணி நேரம் போனது. இதே பம்பு, இதே மீன்கள், ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நுரைக்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே.

அக்கரைப்பேட்டை மகன்:

அக்கா, அண்ணனிடம் பேசிவிடுங்கள். செம்பு கலந்திருந்தால் இறால்தான் முதலில் போகும், மீன் பிறகுதான். எட்டு மாதம் அந்த இறால் மண் அள்ளியிருக்கிறது என்றால் உங்கள் வீட்டுப் பித்தளை தண்ணீருக்கு வரவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் வாங்கியதைப் பாம்பன் பக்கம் கடமாடு என்பார்கள். கொம்பு வைத்தும் ஒரு வகை உண்டு. இரண்டு கண்ணுக்கும் மேலே மாட்டுக்கன்றுக்கு முளைத்தது போல இரண்டு கொம்பு. நாகப்பட்டினத்தில் எங்கள் வலையில் அதிகம் வராது. நம் கரை காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும். பவளப்பாறை கலங்கல் நீரில் வளராது, அதற்குத் தெளிந்த நீரும் வெயிலும் வேண்டும். பாறை பார்க்க வேண்டுமானால் தெற்கே மண்டபம், பாம்பன், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் என்று போக வேண்டும். என் தாய்மாமா அங்கே கூடு வைத்து மீன் பிடித்தவர். பள்ளி விடுமுறைக்கெல்லாம் நான் அவர் வத்தையில்தான் கிடந்தேன்.

மாமா கூட்டைத் தூக்கியதும் முதல் வேலையாகக் கடமாட்டைத் தேடி எடுத்து வீசிவிடுவார். "அது கிடக்கிற வாளியில் வேறு மீன் உயிரோடு நிற்காதுடா" என்பார். ஏன் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமே என்று அவர் அசந்த நேரத்தில் ஒரு கடமாட்டைக் கடல்நீர் வாளியில் இரண்டு கிளி மீன் குஞ்சுகளோடு போட்டேன். வத்தை கரைக்கு வருவதற்குள் மூன்றும் மிதந்தன. தண்ணீரின் மேல் நுரை. மாமா எதுவும் சொல்லவில்லை, வாளியைத் தேய்த்துக் கழுவ வைத்தார், மணல் போட்டு மூன்று முறை.

கூட்டில் கிளாத்தியும் வரும். அதன் முதுகில் ஒரு முள் நிமிர்ந்து நின்றுகொள்ளும். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் மடங்காது. அதற்குப் பின்னால் சின்னதாக இரண்டாவது முள் இருக்கிறது, அதை விரல்நுனியால் லேசாக அமுக்கினால் பெரிய முள் பட்டென்று படுத்துவிடும். தாழ்ப்பாள் மாதிரி. பாறை இடுக்கில் நுழைந்து முள்ளை நிமிர்த்திக்கொண்டால் வெளியே இழுக்க எவனாலும் முடியாது. ஆனால் கிளாத்தியோடு வாளியில் கிடந்த மீன் செத்ததாக நான் பார்த்ததில்லை. முள்ளில் குத்துவதோ வயிற்றை ஊதிக் காட்டுவதோ எதிரில் இருப்பவனோடு முடிந்துவிடும். கடமாடு செய்வது வேறு ஏதோ.

வயிற்றை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனுக்கும் இதே விஷம்தானா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். எங்கள் வீட்டில் பேத்தையைப் பூனைக்குக்கூடப் போடமாட்டோம். விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நானும் படித்துக்கொள்வேன்.

பொறையாறு ஓய்வு:

கல்லூரியில் முப்பத்தொரு வருடம் விலங்கியல் நடத்தியவன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும். அவசரக்காரர்கள் முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்: அம்மா, உங்கள் தொட்டியைக் கொன்றது பெட்டி மீன். அக்கரைப்பேட்டைத் தம்பியின் மாமா சொன்னது முழுக்கச் சரி.

விராலைக் கழுவும்போது சாம்பல் போட்டுக் கல்லில் தேய்ப்பீர்கள் அல்லவா? அந்த வழுவழுப்பு எல்லா மீனுக்கும் உண்டு. அதைத் தற்காப்பாக வளர்த்துக்கொள்வதில் பவளப்பாறை மீன்கள் கெட்டிக்காரர்கள். கிளி மீன்களில் சில, இரவில் தூங்கும்முன் வாயிலிருந்து கோழையை விட்டுத் தம்மைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொள்ளும், கண்ணாடிக் கொசுவலை போல. கொசுவலை என்பதை உவமைக்காகச் சொல்லவில்லை. மீனின் இரத்தம் குடிக்கும் சிறு ஒட்டுண்ணிகள் இரவில் அலைகின்றன, அவற்றைத் தடுக்கத்தான் இந்தப் பை என்று ஆஸ்திரேலியாவில் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். பையை மெல்ல அகற்றிவிட்ட மீன்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கடிபட்டன, பைக்குள் இருந்தவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். உங்கள் கோமாளி மீன் கடற்சாமந்தியின் கொட்டும் கைகளுக்குள் படுத்து உறங்குவதும் தன் வழுவழுப்பை நம்பித்தான்.

பெட்டி மீனின் வழுவழுப்பில் நஞ்சு இருக்கிறது. பயந்தாலோ அடிபட்டாலோ தோலில் உள்ள சுரப்பிகள் அதைத் தண்ணீரில் விடும். 1964இல் இதற்கு ஆஸ்ட்ரசிடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். 1967இல் ஹவாயில் அதன் வேதியமைப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் பாஹுடாக்சின் என்றார்கள். ஹவாய் மொழியில் பாஹு என்றால் பெட்டி. நம்மவர் மாட்டைப் பார்த்த இடத்தில் அவர்கள் பெட்டியைப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் நுரைக்கு வருகிறேன். அந்த நஞ்சின் மூலக்கூறு சோப்பின் சாதி. ஒரு முனை கொழுப்போடு சேரும், மறுமுனை தண்ணீரோடு சேரும். பாத்திரத்தின் எண்ணெயைச் சோப்பு பிரிப்பது இப்படித்தான். உயிரணுவின் மேலுறையும் கொழுப்பால் ஆனதுதான். செவுளிலோ தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஒரு படலம். சோப்பு போன்ற பொருள் அங்கே பட்டால் படலம் குலைகிறது, சிவப்பணுக்கள் உடைகின்றன. செவுள் எரிச்சல் தாங்காமல் மேலும் மேலும் சளியைக் கொட்டுகிறது. நீங்கள் பார்த்த சளி அதுதான். சுற்றிலும் காற்றுக்குமிழி பொங்கிக்கொண்டிருக்க, மீன் மூச்சு முட்டிச் சாகிறது. ஆகையால் தேர்நிழல் அவர்கள் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. மூச்சு முட்டியதுதான், காற்றுக் குறைவால் அல்ல.

நடந்தது இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். பையன் டார்ச் அடித்ததிலும் தட்டியதிலும் மீன் மிரண்டு மூலையில் ஒதுங்கியிருக்கிறது. பம்பு நின்றுபோயிருந்ததால் அதன் வாய்ப் பஞ்சு ஒதுங்க வாகான இடம். இரண்டு மணிக்குப் பம்பு ஒரே இழுப்பாக இழுத்ததும் விலக முடியவில்லை. பெட்டி மீனால் உடலை வளைக்க முடியாது. தோலுக்கு அடியில் அறுகோணத் தகடுகள் ஒன்றோடொன்று பூட்டிய ஓடு. துடுப்பு, வால், கண், வாய் இவை மட்டும் ஓட்டின் துளைகள் வழியே அசையும். மற்ற மீன் ஒரு துள்ளலில் தப்பியிருக்கும், இதற்குத் துள்ளவே வராது. இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்துவிட்டது. அதே பம்பு அந்த நஞ்சை அள்ளித் தொட்டியெங்கும் சுற்றிவிட்டது. பெட்டி மீனுக்கும் தன் நஞ்சிலிருந்து முழுக் காப்பு கிடையாது, இவ்வளவு செறிவில் அதுவும் சேர்ந்து போய்விடும்.

கடலில் இப்படி நடப்பதில்லை. அங்கே பெரிய மீன் ஒன்று கவ்வும், வாயெல்லாம் சோப்பு ஆகும், துப்பிவிடும். அடுத்த அலையில் நஞ்சு கரைந்து போய்விடும். பளிச்சென்ற மஞ்சளும் கறுப்புப் புள்ளியும் "போன தடவை துப்பினாயே, நினைவிருக்கிறதா" என்று காட்டுவதற்கு.

இதே சோப்பு வித்தையைச் செங்கடலின் ஒரு நாக்கு மீனும் செய்கிறது. 1970களில் யூஜினி கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதைச் சுறாவுக்கு எதிரே வைத்துப் பார்த்தார். சுறா கடிக்க வாயைத் திறக்கும், திறந்த வாயை மூட முடியாமல் தலையை உதறிக்கொண்டு ஓடும். பிறகு வந்தவர்கள் அந்த மீனின் நஞ்சுக்குப் பதில் ஷாம்புவில் போடும் சோடியம் லாரில் சல்பேட்டையே சுறாவின் வாயில் பீய்ச்சிப் பார்த்தார்கள். அதற்கும் சுறா பின்வாங்கியது.

பேத்தை வேறு கணக்கு, தம்பி. அதன் நஞ்சு டெட்ரோடோடாக்சின், நரம்பில் சோடியம் போகும் வழியை அடைத்துவிடும். மூச்சுத் தசைகள் நின்றுபோகும், முறிவு மருந்து கிடையாது. ஈரலிலும் சினையிலும் அதிகம். மீன் அதைத் தானே தயாரிப்பதில்லை, நஞ்சின் மூலம் பாக்டீரியா, இரை வழியாகச் சேர்கிறது. பண்ணையில் சுத்தமான தீவனம் போட்டு வளர்த்த பேத்தைக்கு நஞ்சு இல்லாமலே போவது உண்டு. பூனைக்குப் போடாதீர்கள், அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது: தண்ணீர் முழுவதையும் கொட்டிவிடுங்கள், ஒரு சொம்பு கூட மிச்சம் வைக்க வேண்டாம். மணல், கல், குழாய், பஞ்சு எல்லாவற்றையும் பலமுறை அலசுங்கள், பஞ்சைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கொல்லையில் வாழை இருந்தால் அந்தப் பக்கம் ஊற்றாதீர்கள், உப்பு தாங்காது. தென்னைக்கு ஊற்றலாம். கடைப்பையனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பகடைக்காய் அளவில் விற்ற அந்த மீன் வளர்ந்தால் 45 சென்டிமீட்டர் வரும், மூன்றடித் தொட்டியில் அது எங்கே திரும்பும் என்று.

கடைசியாகத் தொடர்பில்லாத ஒன்று, வயதானவனைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுக்கத் தரங்கம்பாடிக்குப் போகிறீர்கள் என்பதால் நினைவு வந்தது. டேனிஷ்காரர் காலத்தில் அங்கே இருந்த ஜான் என்ற பாதிரியார் பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீன் ஆய்வாளருக்கு நம் மீன்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். கத்தாளையில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்ற பெயர் அவரால் வந்தது. அதே ஊரில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791 நவம்பரில் பனைமரத்தின் ஈரமான பொந்து ஒன்றில் ஒரு மீனைப் பிடித்ததாக லண்டனுக்கு எழுதினார். நம் பனையேறிக் கெண்டைதான். மரம் ஏறியதா என்று அன்றிலிருந்து சண்டை. எங்கள் வகுப்பில் ஒரு மாணவன், "ஐயா, பறவை தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கும்" என்றான். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, ஆனால் டால்டார்ஃபை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

ஆரூர் தேர்நிழல்:

பாதி உண்மை என்று பொறையாறு ஐயா சொன்னதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நன்றி. இன்வெர்ட்டர் வாங்கினால் நஷ்டமில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

அக்கரைப்பேட்டை மகன்:

ஐயா, மாமா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இதை அவருக்குப் படித்துக் காட்டியிருப்பேன். "சோப்பாடா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார். மணல் போட்டு மூன்று முறை கழுவ வைத்ததற்கு இப்போதுதான் எனக்குக் காரணம் கிடைத்தது.

நாச்சியார்கோவில் பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அன்றைக்கே கணவரிடம் பேசிவிட்டேன். அவர் நான் பேசாமல் இருந்ததைக் கவனிக்கவே இல்லையாம், கார்த்திகை விளக்குக்கு ஆர்டர் நெருக்கடி.

தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றினேன். கல்லைத் தூக்கியபோது இறாலும் கோபியும் குழிக்குள் ஒன்றாகவே கிடந்தன. அதைப் பற்றி வேறு எழுத இயலவில்லை.

பெட்டி மீனை வெயிலில் கூரை ஓட்டின் மேல் வைத்தேன், காக்கை தொடவில்லை. நான்காம் நாள் தோல் உரிந்து தகடுகள் தெரிந்தன. மைத்துனரின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தகடும் ஆறு பக்கம், நடுவிலிருந்து விளிம்புக்குக் கோடுகள், விளிம்போடு விளிம்பு ஒரு மயிர் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கிறது. மைத்துனர் கடைசல்காரர், இருபது வருடமாகப் பித்தளையில் இணைப்பு தெரியாமல் செய்ய முயல்கிறவர். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பற்றாசு வைக்காமல் எப்படி?" என்றார். இப்போது அது அவருடைய கடைசல் மேசையில் இருக்கிறது, என்னிடம் திரும்ப வரும் என்று தோன்றவில்லை.

கடைக்கும் போனேன். அதே கண்ணாடியில் இன்னும் மூன்று மஞ்சள் குஞ்சுகள், கூடவே கோமாளி மீன்கள். நான் சொன்னதையெல்லாம் பையன் பொறுமையாகக் கேட்டான். 45 சென்டிமீட்டர் என்றதும் கைகளை விரித்து அளந்து பார்த்து, "அவ்வளவு பெரிசா?" என்றான். பிறகு "அதுவரைக்கும் யார் வைத்திருக்கப் போகிறார்கள்" என்று தானே பதில் சொல்லிக்கொண்டான்.

பொறையாறு ஐயாவின் கதையை நாத்தனார் மகனுக்குச் சொன்னது என் தவறு. அரசலாற்று மதகுக்குப் போய் வலை வைத்திருந்தவரிடம் கேட்டு, இரண்டு பனையேறிக் கெண்டையை வாளியில் கொண்டுவந்துவிட்டான். தொட்டியில் இப்போது கிணற்று நீர், மாமியாருக்குப் பரம திருப்தி. செவுள்மூடி ஓரத்தில் ரம்பம் போலப் பற்கள், அதை விரித்து ஊன்றிக்கொண்டு முதல் நாள் இரவே ஒன்று வெளியே வந்து கூடத்துத் திண்ணை வரை நடந்திருக்கிறது. காலையில் கோலம் போடப் போகும்போது மிதிக்கப் பார்த்தேன். பிடித்து உள்ளே போட்டால் ஒன்றுமே நடக்காதது போல நீந்துகிறது.

தொட்டியின் மேல் இப்போது பலகை போட்டு, விற்காத ஒரு குத்துவிளக்கின் அடிப்பாகத்தைப் பாரமாக வைத்திருக்கிறேன்.